அண்ணா, உன் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டேன்

அண்ணா,

இந்த முறை கரண்ட் போகவில்லை, யுபிஎஸ்ஸும் பழுதாகவில்லை. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களை, அதுதான் உன் மெர்சென் பகா எண்களை, தேடிக்கொண்டிருந்ததை நானேதான் நிறுத்தினேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் 'இந்த ஒரு எண் மட்டும் முடியட்டும்' என்றிருப்பாய். பாதியில் நின்றதைத் தேடலை நடத்துகிறவர்களிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டேன், வேறு யாராவது முடிப்பார்கள்.

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் புதிதாக ஒரு மெர்சென் பகா எண்ணைக் கண்டுபிடித்த செய்தி வந்தபோதே எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அந்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். விநாடிக்கு ஒன்றாக வாசித்தாலே ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஆகும். 17 நாடுகளில் கிளவுட் ஜிபியுக்களை, அதாவது இணையம் வழியாக இயக்கும் வேகமான கிராஃபிக்ஸ் சிப்புகளை, ஓடவிட்டுத் தேடியிருக்கிறார். கடலூர் மஞ்சக்குப்பத்து மாடியில் கிடக்கும் நம் டப்பா எம்மாத்திரம்?

இன்று டிசம்பர் 30. 2011-ல் தானே புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்த ராத்திரி நினைவுக்கு வருகிறது. 'மிஷின் இல்லாட்டி என்ன, கையால போடுவோம்' என்று கேஸ் பில்லின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாய். 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 31. அது பகா எண்ணா? அடுக்கைவிட இரண்டு குறைவாக, மூன்று சுற்று. 4-ல் தொடங்கு. வர்க்கம் எடு, 2 கழி, 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வை. 14. அடுத்து 194, மீதி 8. எட்டெட்டு அறுபத்து நாலு, 2 போனால் 62. மீதி சைபர். அவ்வளவுதான், பகா எண்.

எனக்கு 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047-ஐக் கொடுத்தாய். ஒன்பது சுற்று. மெழுகு நோட்டில் சொட்டச் சொட்ட 788, 701, 119 என்று போய்க் கடைசியில் 1736-ல் வந்து நின்றது. சைபர் வரவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. 'கணக்கு சரிடி, அது பகா எண்ணே இல்லை' என்று சிரித்தாய். எதால் வகுபடும் என்றேன். அதை இந்தச் சோதனை சொல்லாது என்றாய். விடிவதற்குள் 23-ஐ நானே பிடித்தேன்.

2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண் இல்லை என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 1876-லேயே காட்டிவிட்டார். அதை 19,37,07,721 வகுக்கும் என்று அமெரிக்கக் கணிதர் கோல் காட்டியது 1903-ல். நீ ஏன் அப்படிப் போனாய் என்று தெரிந்துகொள்ள அத்தனை வருஷம் காத்திருக்க என்னால் ஆகாது. சரி, சொந்தக்காரர்களும் படிக்கிற இடம் இது. இதற்கு மேல் வேண்டாம்.

கரண்ட் பில்லைப் பற்றியும் எழுதக்கூடாது என்றிருந்தேன், பணத்துக்காக நிறுத்தினேன் என்பாய். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் இதுவரை தெரிந்த 52 மெர்சென் பகா எண்களோடு நம் மாடியிலிருந்தும் ஒன்று சேர வேண்டும் என்று உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் நான். மாடியைப் பெருக்கப் போகும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்ப்பேன். நீ ஒரு நாளாவது 'என்ன ஆச்சு' என்று கேட்டாயா?

அம்மாவுக்கு அந்த ஃபேன் சத்தம் கேட்டால் நீ மேலே இருக்கிற மாதிரி. காலையில் 'ஏண்டி, சத்தத்தையே காணோம்' என்றாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிடுவான், அவனையே கேட்டுக்கோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். கூப்பிடு.