பீமனுக்கு ஹிட் பாயிண்ட் ஐந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் செய்தியை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். நீ நடத்தப்போகும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம்) நாலு பேர், அதில் மூன்று பேருக்கு நாய் வேண்டுமாம், யாருக்கு எந்த நாயைக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாய் விஷயத்தில் நான் உனக்கு ஒரு பழைய பாக்கி வைத்திருக்கிறேன். அதைப் பேச்சில் சொல்ல எனக்கு வராது. முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன்.

நம்மிடம் இருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு. அதில் சாதாரண நாய் என்று காசு கொடுத்து வாங்கக்கூடியது மாஸ்டிஃப் ஒன்றுதான். விலை 25 தங்கக் காசு, ஆர்மர் கிளாஸ், அதாவது அதை அடிக்கப் பகடையில் தொட வேண்டிய எண், 12; ஹிட் பாயிண்ட், அதாவது அது தாங்கும் அடி, 5. காதையோ மூக்கையோ வைத்து எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அது கடித்த ஆள் பலச் சோதனையில் 11 எடுக்காவிட்டால் தரையில் விழுவான். அவ்வளவுதான். உலகத்தில் இருக்கிற அத்தனை நாய்க்கும் இந்த ஒரே அச்சு.

இந்த எண்களை மாற்றிக்கொண்டு உட்காராதே. நானும் ஒரு காலத்தில் இனத்துக்கு ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தேன்; யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாய் இனத்தையும் மனிதன் ஏதோ ஒரு வேலைக்காக வளர்த்திருக்கிறான். அந்த வேலை நாயின் ரத்தத்தில் இருக்கிறது. எசமான் வேண்டாம் என்றாலும் அது செய்யும். வேறு வேலை கொடுத்தால் முழிக்கும். அந்த முழியைத்தான் நீ ஆட வேண்டும்.

ரேஞ்சராக, அதாவது காட்டில் தடம் பார்க்கிறவளாக, ஆடுகிற பெண்ணுக்கு பிளட்ஹவுண்ட் கொடு. எத்தனையோ மணி நேரத்துக்கு முன்னால் நடந்து போன ஆளின் வாடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் போகும். பெயரில் ரத்தம் இருக்கிறதே என்று அவள் ஏமாந்துவிடக் கூடாது. அது பரம சாது. கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டு அவன் கையை நக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம், தலையைத் தரையோடு ஒட்டி, காதைத் தொங்கவிட்டு, மூக்கு போன வழியே போகும்போது எதிரே பள்ளம் இருக்கிறதா என்று பார்க்காது. ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்று மட்டும்: ரேஞ்சர் தன் முறைக்கு உரிய ஆக்‌ஷனை விட்டுக்கொடுத்தால்தான் அவளுடைய விலங்கு கடிக்கும் என்று அந்தப் பதிப்பில் ஒரு விதி உண்டு. எனக்கு அது பிடிக்கவே இல்லை. தன் ஆளை எவனாவது அடிக்கும்போது எந்த நாய் உத்தரவுக்காகக் காத்திருக்கும்? உன் மேசையில் அதை எடுத்துவிடு.

திருடனாக ஆடுகிற பையனுக்கு பசென்ஜி. அது குரைக்காது. பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். சத்தமில்லாமல் பூட்டு திறக்கிறவனுக்கு ஏற்ற துணை. ஆனால் ஊமை இல்லை, திடீரென்று ஒரு விசித்திரமான ராகம் இழுக்கும். எப்போது இழுக்கும் என்பதை நீ முடிவு செய்துகொள்.

ஹாஃப்லிங் என்ற குட்டி மனிதனுக்கு ஏறிப்போக நாய் வேண்டும் என்றாயே, விதி அனுமதிக்கிறது. ஏறுகிறவனைவிட வாகனம் ஒரு அளவு பெரியதாக இருந்தால் போதும். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் கொடுக்கலாம், ஓநாய் வேட்டைக்குப் பேர் போனது. ஆண் நாய் தோள் வரைக்கும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நிற்கும். ஹாஃப்லிங்கோ மூன்றடி. சேணம் அவன் கழுத்து உயரத்துக்கு வந்துவிடும். ஏறுவதற்கே ஒரு கல்லோ, கட்டையோ, பெருந்தன்மையுள்ள நண்பனின் முதுகோ தேவைப்படும். அவசரமாகத் தப்பி ஓடும் காட்சியில் இதை மறக்காதே.

நாய் வேண்டாம் என்ற அந்த எல்ஃப் மந்திரவாதிக்குக் கட்டாயம் ஒரு கிரேட் பிரனீஸ். ஆட்டு மந்தையைக் காவல் காக்க வளர்த்த நாய் அது. குட்டியிலிருந்தே ஆடுகளோடு கிடக்கும், ஆபத்து வந்தால் யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கும். வழியில் எங்கேயோ அது மந்திரவாதியைப் பார்த்து, இது என் ஆடு என்று தீர்மானித்துவிடட்டும். அப்புறம் அவன் தனியாக எங்கும் போக முடியாது. ராத்திரி முழுக்க இருட்டைப் பார்த்துக் குரைக்கும், பதுங்கியிருக்கும் இடத்திலும்கூட.

கிரேஹவுண்ட், சிப்பிப்பாறை போல கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய்களை யாராவது கேட்டால் ஒரு சின்னக் கணக்கு. நம் மாஸ்டிஃப் முழு வேகத்தில் ஓடினால் ஆறு வினாடிச் சுற்றில் 80 அடி, அதாவது 24 மீட்டர். நிஜ கிரேஹவுண்ட் உச்ச வேகத்தில் அதே ஆறு வினாடியில் 100 மீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் கொஞ்ச நேரம்தான், பிறகு படுத்துத் தூங்கும். இரண்டு சுற்றுக்கு யாராலும் பிடிக்க முடியாத வேகம், அதன்பின் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்.

பனிமலைக்குப் போனால் செயின்ட் பெர்னார்ட். ஆல்ப்ஸ் கணவாய் மடத்தில் இருந்த பாரி என்ற நாய் (1800 முதல் 1814 வரை வாழ்ந்தது) நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். கழுத்தில் பிராந்திப் பீப்பாய் என்பது ஓவியர் ஒருவர் கிளப்பிவிட்டது. விளையாட்டில் வைத்துக்கொள், யார் கேட்கப் போகிறார்கள்.

சரி, பாக்கிக்கு வருகிறேன்.

2015 விடுமுறையில் உனக்கு 12 வயது. 25 தங்கக் காசு சேர்த்து நீ முதன்முதலில் வாங்கியது வாள் இல்லை, நாய். ஐந்தே ஐந்து ஹிட் பாயிண்ட் உள்ள அந்த ஜீவனுக்கு பீமன் என்று பெயர் வைத்தாய். பாலத்தடியில் இருந்து ஒரு காப்லின், அந்தக் குட்டிப் பூதம், அம்பு விட்டது. எனக்கு இருபது முகப் பகடையில் 8 விழுந்தது. கூட காப்லினுக்கு உரிய 4 சேர்த்தால் 12, பீமனுடைய ஆர்மர் கிளாஸுக்குச் சரியாக. அடிக்கான பகடையில் 4, கூட 2, மொத்தம் ஆறு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால்தான் உருட்டினேன். ஏழு விழுந்தது என்று சொல்லியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. நான் "பீமன் செத்துவிட்டது" என்றேன். அதே மூச்சில் "அடுத்து யாருடைய முறை?" என்றேன். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய். அடுத்த விடுமுறை வரை ஆட்டத்துக்கு வரவில்லை.

விதிப்படி நடந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல மாதம் கழித்துத்தான் அந்தப் பத்தி கண்ணில் பட்டது. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்த எதிரிகளைப் பெரும்பாலான டன்ஜன் மாஸ்டர்கள் உடனே சாகவிடுவார்கள், முக்கியமான துணைப் பாத்திரங்கள் அதற்கு விலக்கு, அவர்கள் மயங்கி விழுந்து, பிழைப்பார்களா சாவார்களா என்று மரணச் சோதனை உருட்டலாம் என்று இருந்தது. பீமனை முக்கியமான பாத்திரம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருந்தது. இதைப் படித்த பிறகும் உன்னிடம் சொல்லவில்லை, அதுதான் பாக்கி.

அதனால், முதல் நாளே உன் ஆட்களிடம் நாய் சாகலாமா கூடாதா என்று கேட்டுவிடு. ஒவ்வொருவர் பதிலும் வேறாக இருக்கும். கூடாது என்கிறவருக்கு, அம்பு பட்ட நாய் நொண்டிக்கொண்டு ஓடி, சண்டை முடிந்ததும் திரும்பி வரட்டும். இன்னொன்று, மூன்றாவது நாளுக்குள் எல்லாரும் நாயை மறந்துவிடுவார்கள். யார் முறை முடிந்தாலும் "உன் நாய் இப்போது எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இரு.

உன் பழைய கேரக்டர் ஷீட் என் விதிப்புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்தில் பீமன், பெயருக்குக் குறுக்கே நீ அழுத்திப் போட்ட கோடு. நேற்று ராத்திரி மேசையில் வைத்து அவனுக்கு ஒரு மரணச் சோதனை உருட்டினேன், தடுப்பில்லாமல். 14 விழுந்தது. பத்துக்கு மேல், அதனால் ஒரு வெற்றி. பிழைக்க இன்னும் இரண்டு வேண்டும், அவை நீ உருட்ட வேண்டியவை. என்ன விழுந்தாலும் மறைக்காமல் எழுது.

அப்பா