டைம் ஸ்டெப் என்ன என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றாலைகளையும் சோலார் பூங்காக்களையும் கிரிட்டில் (மின்கட்டமைப்பில்) இணைக்கும் முன் நிலைத்தன்மை ஆய்வறிக்கை கேட்கிறார்கள். ஃபால்ட் (மின்கோளாறு) நீங்கியதும் கிரிட்டில் எழுந்த அலைவு அடங்குவதாக அதில் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவு எந்த எண்முறையில் (கணினிக் கணக்கீட்டு முறையில்), எத்தனை மில்லி வினாடி டைம் ஸ்டெப்பில் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில்) கணக்கிடப்பட்டது என்பதையும் எழுதச் சொல்லிக் கட்டாயமாக்க வேண்டும்.

ஜெனரேட்டரின் ரோட்டார் (சுழலும் பகுதி) எப்படி ஆடுகிறது என்று சொல்லும் ஸ்விங் சமன்பாட்டைக் கணினி நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் தீர்க்கிறது. 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் அரை சைக்கிள், அதாவது 10 மில்லி வினாடி, பழக்கத்தில் உள்ள ஸ்டெப். வளரவும் அடங்கவும் செய்யாத ஒரு 1 ஹெர்ட்ஸ் அலைவை இந்த ஸ்டெப்பில் ஓட்டினால், ஸ்டெப்பின் தொடக்கத்தில் உள்ள மாறும் வேகத்தை வைத்து அடுத்த மதிப்பைக் கணிக்கும் முன்னோக்கு ஆய்லர் முறை அதை 10 வினாடியில் 7 மடங்காக்கிவிடும். ஸ்டெப்பின் முடிவில் உள்ள வேகத்தை வைக்கும் பின்னோக்கு ஆய்லர் ஏழில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். இரண்டின் சராசரியை எடுக்கும் சரிவக விதியில் மட்டும் வீச்சு மாறாது.

ஆபத்து பின்னோக்கு ஆய்லரில்தான். முன்னோக்கு முறை வீணாகப் பயமுறுத்தும். உடனே ஸ்டெப்பைக் குறைப்பார்கள். பின்னோக்கு முறையோ, உண்மையில் வினாடிக்குச் சுமார் 10 சதவீதம் வளரும் அலைவையே 9 சதவீதம் அடங்குவதாகக் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. அதையே 5 மில்லி வினாடியில் ஓட்டினால் அலைவு அடங்காமல் அப்படியே நிற்கும், 2.5-இல் வளரத் தொடங்கும். ஸ்டெப்பைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவதைவிட எளிய சோதனை கிடையாது.

ஒரு ஸ்டெப்புக்குள் மாறும் வேகத்தை நான்கு முறை கணக்கிடும் நான்காம் படி ரங்கே-குட்டா முறை துல்லியமானதுதான். ஆனால் இன்வெர்ட்டர் (சோலார் தரும் DC மின்சாரத்தை AC ஆக்கும் கருவி) கண்ட்ரோலில் 2 மில்லி வினாடி கால மாறிலி (எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டும் என்பதன் அளவு) ஒன்று இருந்தால், ஸ்டெப் 5.5 மில்லி வினாடியைத் தாண்டியதுமே விடை கட்டுக்கடங்காமல் போகும். ரோட்டாருக்குப் போதுமான 10 மில்லி வினாடி, கமுதி சோலார் பூங்கா போல இன்வெர்ட்டர்கள் குவிந்த இடத்துக்குப் போதாது.

சரிவக விதிக்கும் ஒரு குறை உண்டு. பிரேக்கர் (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து மதிப்புகள் சட்டெனத் தாவியதும் விடை ரம்பப் பல்லாக ஆடும். அந்த இடத்தில் மட்டும் பின்னோக்கு ஆய்லரில் இரண்டு அரை ஸ்டெப் வைத்துவிட்டுத் திரும்பினால் ஆட்டம் நின்றுவிடும். ஃபால்ட் நீங்கும் கணத்தில் ஸ்டெப் சரியாக முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 400 கிலோவோல்ட் லைனில் ஃபால்ட்டை நீக்க இருப்பதே 100 மில்லி வினாடி. ஒரு ஸ்டெப் தள்ளிப்போனால் 10 சதவீதப் பிழை.

2013 டிசம்பர் 31 முதல் தென்மண்டல கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டுகளோடு ஒரே அதிர்வெண்ணில் ஓடுகிறது. இங்கே தப்பவிடும் அலைவு இங்கேயே நிற்காது. ஆகவே முறையின் பெயர், ஸ்டெப்பின் அளவு, பாதி ஸ்டெப்பில் ஓட்டிய வளைவு ஆகிய மூன்றும் இல்லாத அறிக்கையையும், இரு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாத அறிக்கையையும் அனுமதி தரும் அமைப்புகள் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
மின்கட்டமைப்பு ஆய்வுப் பொறியாளர்கள்,
திருநெல்வேலி