சேவ் ஆஸ் குடுத்தா டிஎக்ஸ்எஃப் வந்துரும், வேலை முடியாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லேசர் கட்டிங் சுயதொழில் பத்தி போட்டிருந்தீங்க. மெஷின் விலை, கரன்ட் பில், லோன் கணக்கு எல்லாம் ஓரளவு சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரே ஒரு வரிதான் உறுத்துச்சு, கையில இருக்குற பழைய கோரல்டிரா (அச்சாபீஸ்ல டிசைன் போடுற சாஃப்ட்வேர்) டிசைனையெல்லாம் ஆட்டோகேட் (அளவு போட்டு வரையற இன்ஜினியரிங் சாஃப்ட்வேர்) ஃபைலா மாத்தி அப்படியே வெட்டிக்கலாம்னு எழுதியிருந்தீங்க. அந்த "அப்படியே"க்காகத்தான் இந்த லெட்டர். நான் கோயமுத்தூர் கணபதில சின்னதா ஒரு லேசர் கடை வச்சிருக்கேன், ஒரு நாள்ல பாதி நேரம் மெஷின் ஓடுறதில்ல, நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அடுத்தவங்க போட்ட கோட்ட சுத்தம் பண்ணிட்டு இருக்கேன்.

ரெண்டு மாசம் முன்னாடி பழைய அச்சாபீஸ் அண்ணன் ஒருத்தர் ஒரு சிடி கொண்டு வந்தாரு. ஒரு பம்ப் கம்பெனிக்கு 1998ல போட்ட நேம்பிளேட் டிசைன், அப்ப ஸ்டிக்கரா அடிச்சது, இப்ப அதையே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டுல வெட்டி குடுக்கணுமாம். "தம்பி, சேவ் ஆஸ்ல போய் டிஎக்ஸ்எஃப் குடுத்தா அஞ்சு நிமிசம், பசங்க சொன்னாங்க"ன்னாரு. அண்ணன் சொன்னது பொய் இல்லீங்க, டிஎக்ஸ்எஃப், அதாவது ஆட்டோகேட்ல திறக்கிற டிராயிங் ஃபைல், அஞ்சு நிமிசத்துல வந்துருச்சு. அதைத் திறந்து பார்த்தா தான் கூத்து.

முதல்ல சிவப்பு பட்டைக்கு மேல வெள்ளை கட்டம் வச்சு அதுக்கு மேல எழுத்து வச்சிருக்காரு. பிரின்ட்டுல மேல இருக்குறது கீழ இருக்குறத மறைச்சிரும், யாருக்கும் தெரியாது. டிஎக்ஸ்எஃப்ல கலரும் போயிருச்சு, மறைப்பும் போயிருச்சு, அடியில ஒளிஞ்சிருந்த கோடெல்லாம் வெளிய வந்து நிக்குது. அதுக்குள்ள ஒரு பழைய போன் நம்பர் கூட இருந்துச்சு, யாரோ டெலீட் பண்ண சோம்பேறித்தனப்பட்டு மேல ஒரு வெள்ளைக் கட்டத்த வச்சு மூடிருக்காங்க. அப்புறம் ரெண்டு மில்லி திக்னஸ் குடுத்து போட்ட பார்டர், அது இங்க ஒரு மயிரிழைக் கோடா ஆயிருச்சு, ஏன்னா கோட்டோட தடிமன் மெஷினுக்கு கணக்கே இல்ல, கோடு எங்க போகுதுங்கறது மட்டும்தான். இதுல சில இடத்துல ஒரே கோடு மேலமேல ரெண்டு தடவை இருக்கு. அப்படியே மெஷின்ல விட்டா அதே பாதையில ரெண்டு தடவை போகும், அக்ரிலிக்னா ஓரம் கருகிரும்.

இந்த பிளேட்டுக்கு மூலைக்கு ஒண்ணா நாலு ரிவெட் ஓட்டை. ஆட்டோகேட்காரனுக்கு ஓட்டைன்னா ஒரு சென்டர், ஒரு ரேடியஸ், அவ்வளவுதான். டிஎக்ஸ்எஃப் ஃபைல நோட்பேட்ல திறந்து பாருங்க, வட்டத்துக்கு 10ன்னு ஒரு நம்பருக்கு கீழ எக்ஸ், 20க்கு கீழ ஒய், 40க்கு கீழ ரேடியஸ்னு பளிச்சுன்னு இருக்கும். கோரல்ல இருந்து வந்த ஓட்டை அப்படி இல்ல. அது பெசியர் கர்வ், அதாவது சில புள்ளிய வச்சு கணக்குல வரையற வளைவு, நாலு துண்டு சேர்ந்து வட்டம் மாதிரி. கண்ணுக்கு வட்டம்தான், வித்தியாசம் ரேடியஸ்ல 0.03 சதவீதம் கூட வராது. ஆனா டைமென்ஷன் போடப் போனா ரேடியஸ்னு ஒண்ணே அதுல கிடையாது. அதுலயும் மெஷின ஓட்டுற பழைய கன்ட்ரோலருக்காக ஆர்12ங்கிற பழைய வெர்ஷன் டிஎக்ஸ்எஃப்ல எடுத்தா இன்னும் மோசம், ஆர்12ல ஸ்ப்ளைன்ங்கிற (நெளிஞ்சு போற வளைவுக் கோடு) சங்கதியே இல்ல, ஆட்டோகேட்ல அது ஆர்13லதான் வந்துச்சு, அதனால வளைவெல்லாம் குட்டிக்குட்டி நேர்கோடா உடைஞ்சு, ஓட்டை பல முனை வச்ச ஒரு கட்டமா வந்து விழும். நாலையும் டெலீட் பண்ணிட்டு புதுசா நாலு வட்டம் போட்டேன், அதுக்கு ஒரு நிமிசம் கூட ஆகல. எதை டெலீட் பண்ணணும்னு தெரியறதுக்குத்தான் எனக்கு மூணு வருசம் ஆச்சு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா இந்த பெசியர் கர்வ் ஒண்ணும் பிரிண்டிங்காரங்க கண்டுபிடிச்சது இல்லீங்க. பிரான்ஸ்ல சிட்ரோயன் கம்பெனியில காஸ்டெல்ஜோ 1959லயும், அப்புறம் ரெனால்ட்ல பியர் பெசியரும் கார் பாடிய வரையறதுக்குத்தான் இதை உருவாக்குனாங்க. பிறந்தது மெஷின் ஷாப்புல, வாக்கப்பட்டது அச்சாபீஸ்ல. இப்ப பொறந்த வீட்டுக்கு திரும்பி வந்தா இங்க யாருக்கும் அவள அடையாளம் தெரியல.

தமிழ் எழுத்து வந்தா தனி ரோதனை. அந்த சிடில இன்னொரு ஃபைல்ல எழுத்த கர்வ்ஸா, அதாவது வெறும் கோடா, மாத்தாம அப்படியே டெக்ஸ்டா விட்டிருந்தாங்க. அப்பெல்லாம் அச்சாபீஸ்ல தமிழுக்கு யூனிகோட் (எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) புழக்கத்துல இல்ல, ஆளாளுக்கு ஒரு ஃபான்ட். பாமினிங்கிற ஃபான்ட்ல "அம்மா"ன்னு அடிச்சத அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டம்ல திறந்தா எம், கே, செமிகோலன், கே, எச்னு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். எந்த ஃபான்ட்னு தெரிஞ்சா தேடிப் போட்டுக்கலாம், சில கடைக்காரங்க அவங்களே தயார் பண்ணி வச்ச ஃபான்ட்டா இருந்தா தொலஞ்சோம், பழைய பிரின்ட் ஒண்ண ஸ்கேன் பண்ணி மேலயே வரையணும். அது சரியாகி வந்தாலும் வெட்டும்போது புள்ளி இருக்கே புள்ளி, "முருகன்"ல அந்த ன் மேல உக்காந்திருக்கிற புள்ளி, பித்தளையில தனித்தனி எழுத்தா வெட்டுனா அது தனியா கீழ விழுந்துரும். ஸ்டென்சிலா வெட்டுனா உல்டா, புள்ளி நிக்கும், ஆனா மூடின சுழி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் நடுவுல உள்ள தகடு கழண்டு போகும். ரெண்டுக்கும் சின்னதா ஒரு பிரிட்ஜ் (தகடு புடிச்சு நிக்கிற மாதிரி ஒரு இணைப்பு) விட்டு வரையணும், எந்த சாஃப்ட்வேர் கன்வெர்ட்டரும் இதை தானா யோசிச்சு செய்யாது.

அளவு விசயமும் சொல்லிடறேன், ஏன்னா காசு போறது இங்கதான். பழைய டிஎக்ஸ்எஃப்ல நம்பர் மட்டும் இருக்கும், அது மில்லியா இன்ச்சான்னு இருக்காது. 75 மில்லி பிளேட்ட இன்ச்னு எடுத்துக்கிட்டா 1905 மில்லி, அதாவது ஆறேகால் அடி, திறந்த உடனே சிரிச்சிட்டு சரி பண்ணிருவோம். பயப்பட வேண்டியது சின்ன தப்புக்குத்தான். இன்க்ஸ்கேப்னு ஒரு டிராயிங் சாஃப்ட்வேர், 2017ல அதோட 0.92 வெர்ஷன் வர்ற வரைக்கும் ஒரு இன்ச்சுக்கு 90 புள்ளின்னு கணக்கு வச்சிருந்துச்சு, அப்புறம் 96 ஆக்கிட்டாங்க. அதுல போட்ட பழைய எஸ்விஜி ஃபைல புது கணக்குல எடுத்தா 75 மில்லி 70.3 ஆயிரும். திரையில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. தகடு வெட்டி, பாலிஷ் போட்டு, மோட்டார் மேல வச்சு பார்க்கும்போதுதான் ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாது. ஒரு தடவை இருபது பிளேட்டு அப்படி ஸ்கிராப்புக்கு போட்டேன். அதுல இருந்து எந்த ஃபைல் வந்தாலும் மாத்துறதுக்கு முன்னாடியே ஓரத்துல 100க்கு 100 ஒரு சதுரம் போட்டுருவேன், மாத்தின பிறகு அந்த சதுரத்த அளந்து பார்த்துட்டுத்தான் மத்தது.

எல்லாமே தலைவலின்னு சொல்லல. பழைய ஸ்டிக்கர் கட்டிங் பிளாட்டர்ல இருந்து வர்ற பிஎல்டி ஃபைல் எனக்கு ரொம்ப பிடிக்கும், பேனாவ தூக்கு, பேனாவ இறக்கு, இங்க போன்னு மட்டும்தான் அதுல இருக்கும், 40 யூனிட்டுக்கு 1 மில்லி, கணக்கு தெளிவு. கோரல் இல்லாதவங்க பழைய சிடிஆர் ஃபைல இன்க்ஸ்கேப்லயோ லிப்ரேஆபீஸ் டிராவுலயோ திறந்து பார்க்கலாம், ரெண்டும் இலவசம், பல ஃபைல் நல்லாவே திறக்குது. பழைய ஃபைல் எவ்வளவு அழுக்கா இருந்தாலும், கல்யாணப் பத்திரிகைய போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பி இதை வெட்டிக் குடுங்கன்றத விட ஆயிரம் மடங்கு மேல்.

எனக்கு ஆதங்கம் என்னன்னா இந்த வேலைக்கு ஆளே கிடைக்கல. ஐடிஐல டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல்னு ஒரு டிரேட் இருக்கு, டிடிபி ஆபரேட்டர்னு ஒரு டிரேட் இருக்கு. முதல்ல சொன்னதுல படிச்சு வர்ற பையனுக்கு நோடு (கோட்ட வளைக்கிற புள்ளி), ஃபில் (உள்ள நிரப்புற கலர்), பவர்கிளிப் (ஒரு வடிவத்துக்குள்ள படத்த அடைக்கிறது) ஒண்ணும் தெரியல. ரெண்டாவதுல படிச்சு வர்ற பொண்ணுக்கு நல்லா டிசைன் வருது, ஆனா டாலரன்ஸ்னா (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கறது) என்னன்னு கேட்குது. எங்களுக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற ஆளு. ஒரு மயில் டிசைன்ல நாலாயிரம் நோடு இருந்தா மெஷின் திக்கித்திக்கி போகும்னு புரிஞ்சு, மயிலு மயிலாவே இருக்குற மாதிரி அதை முந்நூறுக்கு குறைக்கிற ஆளு. அப்படி ஒருத்தர் உங்க வாசகர்ல இருந்தா நாளைக்கே சம்பளம் பேசலாம்.

அச்சாபீஸ் அண்ணன் கதைய முடிச்சிடறேன். பிளேட்டு நல்லா வந்துச்சு, கம்பெனிக்கும் திருப்தி. பில்லுல வெட்டுக்கூலிக்கு கீழ டிராயிங் கிளீனிங்னு ஒரு தொகை போட்டிருந்தேன், "ஃபைலு நாந்தானே குடுத்தேன், அதுக்கு எதுக்கு தம்பி காசு"ன்னாரு. அதனால ஒரே ஒரு கோரிக்கைங்க. அந்தக் கட்டுரைய மறுபடி எப்ப போட்டாலும், செலவுப் பட்டியல்ல மெஷின் விலைக்கு கீழ இதுக்கும் ஒரு வரி சேர்த்துடுங்க, நான் அதை வெட்டி கடையில ஒட்டி வச்சுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு லேசர் கடைக்காரன்,
கணபதி, கோயமுத்தூர்.