அரை மணி நேரத்தில் ஆகிற வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டில் கூடி ஆடும் ஆட்டங்கள் பற்றிய கட்டுரையில் ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் இரண்டு வரிகள் உறுத்துகின்றன. கேரக்டரை உருவாக்க அரை மணி நேரம் போதும் என்கிறது ஒரு வரி. ஆரம்பமே விறுவிறுப்பாக வேண்டுமென்றால் நேரே பதினைந்தாம் லெவலில் தொடங்கலாம் என்கிறது அடுத்த வரி. தனித்தனியே படித்தால் இரண்டிலும் தப்பில்லை. சேர்த்துப் படித்துவிட்டு யாராவது சனிக்கிழமை ராத்திரி பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்காது.

நான் திருச்சியில் வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பவள். எண்களைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 2007இல் பெங்களூரில் வேலை பார்த்தபோது, அலுவலகத் தோழர்கள் ஐந்து பேர் ஞாயிறு மதியம் ஒருவர் வீட்டு மாடியறையில் கூடி இதை ஆடுவோம். அப்போது புழக்கத்தில் இருந்தது 2003இல் வந்த 3.5 பதிப்பு. ஆளுக்கொரு கேரக்டர். கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். ஆட ஆட கேரக்டரின் பலம் கூடி லெவல் ஏறும். 20 வரை ஏறலாம்.

பதின்மூன்றாம் லெவலில் இருந்த என் வாள்வீராங்கனை ஒரு டிராகன் கக்கிய நெருப்பில் போய்ச் சேர்ந்தாள். டிஎம் சாவகாசமாக, “அடுத்த வாரம் புதுசா ஒண்ணு பண்ணிட்டு வந்துடு, அதே லெவல்ல” என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, இந்தத் தடவை மந்திரவாதியாக இருந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். புதன் இரவு இரண்டு மணி நேரம், வெள்ளி இரவு மூன்று, சனிக்கிழமை மதியம் நான்கு. மொத்தம் ஒன்பது மணி நேரம்.

எதற்கு ஒன்பது மணி நேரம் என்று கேட்பீர்கள். நீச்சல் மாதிரித் திறன்களுக்குப் பிரித்துப் போடும் திறன் புள்ளிகளை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு லெவலுக்கும் மந்திரவாதிக்கு இரண்டு புள்ளி, மனிதர் என்பதால் கூட ஒன்று, அதற்கு மேல், கேரக்டரின் புத்தியைக் குறிக்கும் எண்ணுக்கு உரிய போனஸ். முதல் லெவலில் மட்டும் இதெல்லாம் நான்கு மடங்கு. என் ஆளின் புத்தி கடைசியில் 20, அதற்குப் போனஸ் 5. ஆக லெவலுக்கு 8, முதல் லெவலின் நான்கு மடங்கையும் சேர்த்துப் பதினாறு தடவை, மொத்தம் 128. ஒரு திறனில் அதிகபட்சம் 16 போடலாம். எட்டுத் திறன், தலா 16. கணக்கு கச்சிதமாக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

டிஎம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இருபது புள்ளி அதிகம் என்றார். புத்தி முதல் நாளே 20 இல்லையே. நான் தொடங்கியது 17இல். நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் லெவல்களில் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் 20 ஆக்கினேன். புத்தி ஏறினால் அந்த லெவலிலிருந்துதான் கூடுதல் புள்ளி. முந்தைய லெவல்களுக்கு அரியர்ஸ் கிடையாது. ஆகவே முதல் லெவலுக்கு 24, அடுத்த இரண்டுக்கும் தலா 6, நான்கிலிருந்து பதினொன்று வரை தலா 7, கடைசி இரண்டுக்கும் தலா 8. கூட்டினால் 108. பதின்மூன்று வருஷக் கணக்கைத் தனித்தனியாக எழுதாமல் கடைசி வருஷத் தொகையைப் பெருக்கிப் போட்ட கதை. என்னிடம் வேலை பார்க்கும் பையன் அப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

இது ஒரு கட்டம்தான். ஃபீட் எனப்படும் தனித்திறமைகள் ஒன்பது. ஒன்றை விதியே கொடுத்துவிடுகிறது, மற்ற எட்டை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை எடுக்க இன்னொன்று முன்பே இருக்க வேண்டும் என்று சங்கிலி வேறு. மந்திரப் புத்தகத்தில் விலையில்லாமல் 30 மந்திரங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்காமல் எப்படி எடுப்பது? அப்புறம் கடைத்தெரு. அந்த லெவலில் புது ஆளுக்கு 1,10,000 பொற்காசு. காப்பு அங்கி +1 என்றால் ஆயிரம், +2 என்றால் நாலாயிரம், +3 என்றால் ஒன்பதாயிரம். விலை வர்க்கமாக ஏறுகிறது. மந்திரத் தலைப்பட்டைக்கு 16,000 போனது. சனிக்கிழமை மதியத்தில் பாதி, தீபாவளிக்கு ஜவுளி எடுப்பதுபோல ஒன்றை எடுத்து இன்னொன்றைத் திரும்ப வைத்தே கழிந்தது. இவ்வளவுக்குப் பிறகு அன்று ஆட்டத்தில் அந்த 30 மந்திரங்களில் நான் பயன்படுத்தியது ஆறு. மற்றவை இருப்பது சமயத்தில் ஞாபகம் வரவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்காரும் நண்பரின் கேரக்டர் ஒரு திருடன், அவனும் அதே பதின்மூன்றாம் லெவல்தான். திறன் புள்ளி அவருக்கு என்னைவிட அதிகம். ஆனால் அவர் முதல் லெவலிலிருந்து ஒன்றரை வருஷமாக அதே ஆளை ஆடுகிறவர். லெவல் ஏறும் அன்று இருபது நிமிஷம் உட்கார்ந்து எழுதுவார், அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் அவருக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், தவணையில் கட்டியதால் தெரியவில்லை. நான் மொத்தத்தையும் ஒரே வாரத்தில் கட்டினேன். இன்னொன்று, அவருடைய திருடன் ஒருமுறை ஆற்றோடு அடித்துக்கொண்டு போனான். அடுத்த லெவலில் நீச்சலுக்கு நாலு புள்ளி போட்டார். ஏன் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். என் தாளில் அப்படிக் காரணத்தோடு போட்ட புள்ளி ஒன்றுகூட இல்லை.

எல்லாப் பதிப்பும் இப்படி இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில் மூன்று பகடையை ஆறு தடவை உருட்டி எழுதினால் பாதி வேலை முடிந்தது. வீரன் லெவல் ஏறினால் மாறுவது சில எண்கள்தான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் திறன் புள்ளிக் கணக்கே கிடையாது. முதல் லெவலில் +2, பதினேழில் +6 என்று ஒரே போனஸ், தேர்ச்சி பெற்ற திறன் எல்லாவற்றுக்கும். அதில் பதின்மூன்றாம் லெவல் வீரனை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுவேன். மந்திரவாதிக்கு மட்டும் அங்கேயும் அதே 30 மந்திரம். இப்போது செயலிகள் கூட்டிக் கழித்துக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் முப்பதில் எது வேண்டும் என்று நம்மைத்தானே கேட்கும்?

டிஎம் பாடு இன்னும் மோசம். 3.5இல் வில்லன் மந்திரவாதிக்கும் இதே விதி, இதே தாள். எங்கள் டிஎம் ஒரு முழு ராத்திரி கண்விழித்துச் செய்த வில்லனை நாங்கள் நாலு ரவுண்டில் முடித்தோம். ஆட்டக் கணக்கில் ஒரு ரவுண்டு ஆறு விநாடி. ஆக, அந்த ஆள் எங்கள் கண்முன் வாழ்ந்தது 24 விநாடி. மனிதர் ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போய்விட்டார்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, தோழிகள் நாலு பேரோடு பதினைந்தாம் லெவலில் தொடங்கப் போவதாகச் சொன்னாள். நான் பழைய கோப்பிலிருந்து அந்த மந்திரவாதியின் தாளை எடுத்துக் காட்டினேன். அழித்து அழித்துத் திருத்தியதில் கிழிந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆறு திறனில் 16 போட்டது போக மிஞ்சிய 12 புள்ளியை நான் கடைசிவரை எங்கேயும் போடவில்லை என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். மூன்றாம் லெவலில் தொடங்குவதென்று பேசி முடித்திருக்கிறார்கள்.

அடுத்த இணைப்பில் திருத்தம் போட இடம் இருந்தால், அரை மணி நேரம் என்பது முதல் லெவலுக்கு என்று போடுங்கள். உயர்ந்த லெவலில்தான் தொடங்க வேண்டும் என்பவர்களுக்கு, டிஎம்மே தயாராக எழுதிவைத்த கேரக்டர்களைக் கையில் கொடுத்துவிடலாம் என்பதையும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.