சானட் வகுப்பில் செனெகாவுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் சானட் கவிதைகளைப் படித்து முடிக்கும் மாணவர்கள் பலருக்குக் கடைசியில் நினைவில் நிற்பது பதினான்கு வரி, எதுகை அமைப்பு, முடிவில் ஓர் ஈரடி. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரிகளுக்குள் ஆசையும் அறிவும் மல்லுக்கட்டுவது வகுப்பில் பேச்சுக்கே வருவதில்லை. அது வரவேண்டுமென்றால், அறிவின்படி வாழ்வதே நல்வாழ்வு என்ற பண்டைய கிரேக்க, ரோமானியச் சிந்தனையாளர்களான ஸ்டோயிக் தத்துவவாதிகளையும், அவர்களில் ஒருவரான செனெகாவையும் கூடவே படிக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஸ்டோயிக் என்றாலே கல்நெஞ்சக்காரர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பாவம், அவர்கள் காதலை வெறுக்கவில்லை. அழகைக் கண்டு நட்புக்கொள்ள எழும் முயற்சியே காதல் என்றார்கள். ஞானியும் காதலிப்பான் என்றார்கள். அவர்கள் அஞ்சியது, அறிவின் சொல்லைக் கேட்காத வேட்கைக்கு. நடப்பவன் நினைத்த இடத்தில் நிற்கலாம், வேகமாக ஓடுபவனால் முடியாது என்று அவர்களில் ஒருவரான கிரிசிப்பஸ் அதை விளக்கினார்.

இதைச் சொல்லிவிட்டு 129-ஆம் சானட்டைப் படித்துக் காட்டுங்கள். அறிவை மீறித் துரத்தப்படும் காமம், கிடைத்த மறுகணமே அறிவை மீறி வெறுக்கப்படுகிறது. 147-இல் காதல் ஒரு காய்ச்சல், அறிவு அதற்கு வைத்தியர். சொன்ன மருந்தைச் சாப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு வைத்தியர் போய்விடுகிறார். கட்டுமீறிய உணர்ச்சியை மனத்தின் நோய் என்று ஸ்டோயிக்குகள் சொன்னதை அறிந்த மாணவருக்கு இந்த வரிகளின் வலி இன்னும் தெளிவாகப் புரியும்.

சானட்டுகளுக்குப் பெயர்பெற்ற இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கையும் விட்டுவிடாதீர்கள். தான் காதலித்த லாராவை 1327 ஏப்ரல் 6-இல் முதன்முதலில் கண்டதாக எழுதிய இவர், செனெகாவையும் ரோமானிய எழுத்தாளர் சிசரோவையும் கரைத்துக் குடித்தவர். ஸ்டோயிக்குகள் வகுத்த நான்கு உணர்ச்சிகளை ஒட்டி, மகிழ்ச்சி, நம்பிக்கை, துயரம், அச்சம் ஆகியவற்றோடு அறிவு வாதாடுவதாக ஒரு பெரிய லத்தீன் நூலே எழுதினார். இன்னொரு நூலில் புனித அகஸ்டினை வரவழைத்து, லாரா மீதான காதலுக்காகத் தன்னையே கண்டிக்க வைத்தார். அத்தனையும் தெரிந்தும் காதல் விடவில்லை. 1348-இல் லாரா இறந்த பிறகும் அவளைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருந்தார். அந்த நேர்மை எனக்கு அவரது அழகான உவமைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

செனெகாவின் 116-ஆம் கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ஞானி காதலிப்பானா என்று ஓர் இளைஞன் பனேஷியஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதியிடம் கேட்கிறான். ஞானியின் கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஞானத்துக்கு வெகுதூரத்தில் இருக்கும் நீயும் நானும் நம்மை நிலைகுலைத்து இன்னொருவருக்கு அடிமையாக்கும் அந்தப் பள்ளத்தில் விழாமல் இருப்போம் என்கிறார் அவர். ஷேக்ஸ்பியரின் 116-ஆம் சானட் (எண் ஒத்துப்போனது தற்செயல்தான்) இதற்கு நேரெதிர்ப் பக்கம் நிற்கிறது. புயலைப் பார்த்தும் அசையாததே காதல் என்கிறது அது. ஸ்டோயிக்குகள் ஞானிக்கென்று வைத்திருந்த உறுதியைத் தூக்கிக் காதலுக்கே கொடுத்துவிடுகிறது! பனேஷியஸுக்கு இதைவிடத் துணிச்சலான பதிலை நான் படித்ததில்லை. ஆனாலும் 147-ஐப் படிக்கும்போது அவர் சொன்னதும் சரிதானே என்று தோன்றுகிறது.

உங்கள் மாணவர்கள் அந்த இளைஞனின் வயதில் இருப்பவர்கள். அவன் கேட்ட கேள்வி அவர்களுக்கும் உண்டு. செனெகாவின் கடிதம் சிறியது. இரண்டு 116-களையும் ஒரே வகுப்பில் படித்துவிடலாம். அதற்கு மதிப்பெண் எதுவும் வேண்டாம். பனேஷியஸ் சொன்னது சரியா என்று கேட்டு, அவர்களைப் பேசவிடுங்கள்.

அன்புடன்,
சானட்டுகளை நேசிக்கும் ஒரு வாசகர்