எண்ணூர்ப் படமும் தீராத ஷாட்டுகளும்

சாலிகிராமம்,
சென்னை-93

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. எண்ணூர் ஆவணப்படத்தின் தொகுப்பு வேலை முடியும்வரை வேறெதிலும் மனம் செல்லவில்லை. நேற்று இரவு 2 மணிக்குத்தான் படத்தை இறுதி செய்தோம். 86 மணி நேர ரஷஸிலிருந்து, அதாவது எடுத்தபடியே கிடக்கும் காட்சிகளிலிருந்து, 71 நிமிடம் தேறியிருக்கிறது. இனி ஒலிக்கலவையும் நிறத்திருத்தமும் பிறர் கையில். உன்னுடைய வீணைப் படமும் எடிட்டிங் மேசைக்கு வந்துவிட்டது என்று அறிந்ததில் மகிழ்ச்சி. பலா மரத்தைக் குடைவது, இழைப்பது, மெழுகில் உலோக மெட்டுகளைப் பதிப்பது என்று நாற்பது மணி நேரமும் ஒரே மாதிரியான கைகளாக இருப்பதால், எதைப் பயன்படுத்தினோம், எதை இன்னும் தொடவே இல்லை என்பது பத்தாவது நாளிலேயே குழம்பிவிட்டதாக எழுதியிருந்தாய். நான் எப்படிக் கணக்கு வைக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். கேள்வி சிறியதுதான், ஆனால் எண்ணூர்ப் படத்தில் நான் பட்ட அவமானமே இந்தக் கணக்கில்தான் என்பதால், பதில் சற்று நீளும். பொறுத்துக்கொள்.

தரமணி திரைப்படக் கல்லூரியில் நாம் இருவரும் 16 எம்.எம். பிலிமில் ஒரு பயிற்சிப் படத்தைத் தொகுத்தோமே, அதை நினைத்துப் பார். ஓர் அடிக்கு 40 பிரேம். அரையடிக்கு ஒருமுறை ஓரத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். வேண்டிய துண்டை வெட்டி, துணி விரித்த தொட்டிக்கு மேலே இருந்த முள்ளில் மாட்டுவோம். ரஷ் சுருளில் அந்த இடம் காலியாகிவிடும். எதைப் பயன்படுத்தினோம் என்று எவரும் கேட்க வேண்டியதே இல்லை. சுருள் மெலிந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே ஷாட்டைப் படத்தில் இரண்டு இடங்களில் வைக்க விரும்பினால் இன்னும் சிக்கல். நெகட்டிவ் ஒன்றுதான் என்பதால், லேப்பில் டூப் நெகட்டிவ், அதாவது அதன் நகல், எடுக்க வேண்டும். அதற்குச் செலவு தனி, படத்தில் பொரிபொரியாகத் தெரியும் குறை தனி. இன்றைக்கும் ஆவிட் மென்பொருளில் ஒரே பிரேம்கள் இரண்டு முறை வந்தால் காட்டிக்கொடுக்கும் வசதிக்கு ‘டூப் டிடெக்ஷன்’ என்றுதான் பெயர். வெட்டி ஒட்டும்போது ஓரத்தில் பிரேம்கள் வீணாகும் என்பதால், ஷாட்டின் இரு முனையிலும் சில பிரேம்களை விட்டுவைக்கும் கணக்கும் அதில் உண்டு. பிலிமே பார்த்திராத பிள்ளைகள் அந்த எண்ணை ஏன் கேட்கிறது என்று புரியாமல் பூஜ்யம் என்று அடித்துவிட்டுப் போகிறார்கள்.

கணினியில் ஷாட் தீர்வதில்லை. நூறு முறை எடுத்து வைத்தாலும் ‘பின்’னில், அதாவது ஷாட்டுகளைப் பிரித்து வைக்கும் கோப்புறையில், அது அப்படியே, தொடாததுபோல் உட்கார்ந்திருக்கும். நம்முடைய குழப்பம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீ பிரீமியர் புரோவில் வேலை செய்வதாக எழுதியிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். புராஜெக்ட் பேனலைப் பட்டியலாக வைத்துக்கொண்டால் ‘வீடியோ யூசேஜ்’, ‘ஆடியோ யூசேஜ்’ என்று இரண்டு பத்திகளைத் திறந்துகொள்ளலாம். ஒவ்வொரு கிளிப்பும் எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது என்ற எண் அதில் வரும். எண்ணைச் சொடுக்கினால் எந்த ஸீக்வன்ஸில் (ஷாட்டுகளைக் கோர்த்த வரிசையில்), எந்த நிமிடத்தில் என்பதும் விரியும். நல்ல வசதிதான், ஆனால் அது புராஜெக்டில் உள்ள எல்லா ஸீக்வன்ஸையும் சேர்த்தே கணக்கிடும். நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொரு வாரமும் பழைய ‘கட்’டை, அதாவது அதுவரை தொகுத்த வடிவத்தை, அப்படியே பிரதி எடுத்து, அதற்குப் புது எண் கொடுத்து, வேலையைத் தொடர்கிறோம். எண்ணூர்ப் படத்தில் 23 பிரதிகள் சேர்ந்த கட்டத்தில், ஒரே ஒரு படகு ஷாட்டுக்கு எதிரே 31 என்று காட்டியது. நான்காவது பிரதியிலேயே தூக்கியெறிந்த ஷாட்டுகளும் ‘பயன்பட்டவை’ என்றே நின்றன. அந்த எண்களை நம்பி, நல்ல ஷாட்டுகள் பலவற்றை ஒரு மாதம் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது பழைய பிரதிகளைத் தனி புராஜெக்ட் கோப்பில் போட்டுப் பூட்டிவிடுகிறேன். வேலை நடக்கும் கோப்பில் ஒரே ஒரு கட்தான் இருக்கும். சப்-கிளிப்புகளையும் மறந்துவிடாதே. நீளமான பேட்டியிலிருந்து சப்-கிளிப் பிரித்து அதைப் பயன்படுத்தினால், எண் சப்-கிளிப்புக்கு எதிரே ஏறுமே தவிர, மூலக் கிளிப்புக்கு எதிரே ஏறாது.

ஃபைனல் கட் புரோவில் இரண்டு வருடம் வேலை செய்தேன். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. பயன்படுத்திய பகுதிக்கு மட்டும், பிரவுசரில் உள்ள கிளிப்பின் அடியில் ஆரஞ்சு நிறக் கோடு ஓடும். திறந்திருக்கும் கட்டை மட்டும் வைத்தே கணக்கிடும். 20 நிமிட பேட்டியில் எந்த 40 நொடி போயிற்று என்பது கண்ணுக்கே தெரியும். பயன்படாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் முடியும். பிரீமியரில் அது கிளிப் அளவில்தான் தெரிகிறது; உன் வீணைப் படத்துக்குத் தேவைப்படுவது கிளிப் கணக்கு இல்லை, கிளிப்புக்குள் எந்தப் பகுதி என்ற கணக்கு.

அதற்கு நான் கண்டுபிடித்த ஒரு குறுக்குவழியைச் சொல்கிறேன். உன் கட்டை ஒரு புது ஸீக்வன்ஸில் பிரதி எடுத்துக்கொள். அதன் முடிவிலிருந்து பத்து நிமிடம் இடைவெளி விட்டு, ஒரு நாளின் ரஷஸ் முழுவதையும் வெட்டாமல் வரிசையாக அதே டைம்லைனில் கொட்டு. பிறகு டைம்லைனில் உள்ள ஸ்பேனர் படத்தைச் சொடுக்கி, ஒரே பிரேம்கள் திரும்ப வரும் இடங்களைக் காட்டும் குறியீட்டை இயக்கு. கட்டில் இடம்பெற்ற பகுதிகளுக்கு நேராக, ரஷஸின் அடியிலும் வண்ணக் கோடு விழும். கோடில்லாத இடமெல்லாம் நீ இன்னும் தொடாத நிலம். நான் மாலையில் ஒரு காபியை வைத்துக்கொண்டு, கோடில்லாத பகுதிகளை மட்டும் வேகமாக ஓட்டிப் பார்ப்பேன். படத்தின் முடிவில் இப்போது இருக்கும் கழிமுக ஷாட் அப்படிக் கிடைத்ததுதான். இரண்டு விஷயத்தில் மட்டும் அந்தக் கோட்டை நம்பாதே: வேகத்தைக் கூட்டிக் குறைத்த ஷாட்டுகள், அசையாப் படங்கள். வேலை முடிந்ததும் அந்த ஸீக்வன்ஸை மறக்காமல் அழித்துவிடு. இல்லையென்றால் யூசேஜ் எண்கள் மறுபடியும் கெட்டுப்போகும்.

இவ்வளவும் இயந்திரம் அறிந்த கணக்கு. அது அறியாத ஒன்றில்தான் நான் சறுக்கினேன்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை நீ பார்த்திருக்கிறாயா? வலையோ தூண்டிலோ கிடையாது. இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். கைகள் இரண்டும் நீருக்குள் இருப்பதால், பறி என்ற ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டே நகர்வார்கள். ஒரு மூதாட்டியின் முகத்தை மிக அருகில் எடுத்திருந்தோம். பறியைக் கவ்விய உதடுகள், நெற்றியில் சேற்றுக் கீற்று, நீரில் அலையும் ஒளி. படத்தின் 52-வது நிமிடத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்து படிந்ததைச் சொல்லி முடித்தவுடன், அந்த முகத்தை வைத்தேன். எண்ணெய்க்குப் பிறகும் அவர்கள் நீரில் இறங்குகிறார்கள் என்பதே அந்த இடத்தின் பொருள். யூசேஜ் பத்தியில் அதற்கு எதிரே 1 என்றுதான் இருந்தது. வண்ணக் கோடு எதுவும் இல்லை. கணக்குப்படி அது தூய்மையான, வேறெங்கும் வராத ஷாட்.

சென்ற மாதம் ஊரிலேயே ஒரு சமுதாயக் கூடத்தில் ரஃப் கட்டைத் திரையிட்டோம். அந்த இடம் வந்ததும் மூதாட்டி எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டார்: “அந்தப் பறி எண்ணெயில ஊறிப்போச்சுன்னு நான்தானே அடுப்புல போட்டேன்? அது எப்படி மறுபடியும் என் வாயில இருக்கு?” கூடம் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

எங்கள் பின்களை இடத்தின் பெயராலும் செயலின் பெயராலும் பிரித்திருந்தோமே தவிர, நாளால் பிரிக்கவில்லை. ‘கழிமுகம் – பெண்கள்’ என்ற பின்னில் 2023 மார்ச்சும் 2024 பிப்ரவரியும் கலந்து கிடந்தன. படம் பிடித்த நாள் அந்தக் கோப்பிலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையதுதான். அந்த ஷாட்டை எடுத்துவிட்டேன். எண்ணெய்க்குப் பிறகு எடுத்தவற்றில் அவர் பல்லில் கவ்வியிருப்பது பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் கயிறு. ஒளியும் அழகாக இல்லை, ஃபோகஸும் சற்று நழுவுகிறது. இப்போது படத்தில் இருப்பது அதுதான்.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் நோட்டா என்று அசிஸ்டெண்ட் பையன் சிரிக்கிறான், சிரிக்கட்டும். ஒரு ஷாட் கட்டுக்குள் போகும்போது அதன் பெயர், எடுத்த நாள், படத்தில் அது எந்தக் காலத்தைக் குறிக்கிறது என்ற மூன்றையும் எழுதுகிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தாவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. கட்டிலிருந்து வெளியேற்றும்போது ஏன் வெளியேற்றினேன் என்பதையும் ஒரு வரியில் எழுதுகிறேன். ‘அழகு மட்டும்தான்’, ‘பேச்சோடு மோதுகிறது’, ‘அவர் பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெற்றார்’ என்பதுபோல. இந்தக் கடைசி வகைக்காகவாவது நீயும் எழுதி வை. மூன்று மாதம் கழித்து அந்த ஷாட் பின்னில் ‘பயன்படாதது’ என்று வெகுளியாக நிற்கும். நாமும் மகிழ்ச்சியோடு எடுத்து வைத்துவிடுவோம்.

பழைய ஆவணக் காட்சிகளை எங்கிருந்தாவது வாங்கியிருக்கிறாயா என்று நீ எழுதவில்லை. வாங்கியிருந்தால் அவற்றுக்குத் தனியாக ஒரு டிராக் ஒதுக்கிவிடு. நொடிக் கணக்கில் பணம் கேட்பார்கள் என்பதால், எந்த ஷாட் எங்கிருந்து எங்குவரை என்று காட்டும் இ.டி.எல். பட்டியலை இறுதிக் கட்டிலிருந்து எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். நான் இரண்டு வாரத்துக்கு முந்தைய பட்டியலை ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, படத்தில் இல்லாத ஒன்பது நொடிக்கும் சேர்த்துப் பில் வாங்கிக்கொண்டேன். இன்னொன்று, உங்கள் கேமரா சோனி என்றால் ஒவ்வொரு கார்டும் சி0001 என்றே தொடங்கியிருக்கக்கூடும். பழைய சி.எம்.எக்ஸ். 3600 வகைப் பட்டியலில் ரீல் பெயருக்கு, அதாவது ஷாட் வந்த மூலத்தின் பெயருக்கு, எட்டு எழுத்துதான் இடம். ஆறேழு கார்டுகளில் ஒரே பெயரில் கிளிப் இருந்தால், பட்டியலைப் பார்த்து எது எந்த நாள் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கோப்புகளை உள்ளே ஏற்றும்போதே நாளையும் கார்டு எண்ணையும் சேர்த்துப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். இப்போது பாதி வழியில் மாற்றினால் இணைப்பெல்லாம் அறுந்துபோகும். எனவே பெயரைத் தொடாதே. நாள்வாரியாகப் பின்களைப் பிரித்து, லேபிள் நிறத்தை மட்டும் மாற்று.

உன் படத்தில் மெட்டு பதிப்பது ஒரே நாளில் எடுத்ததா, பல வீணைகளிலா என்று எனக்குத் தெரிய வேண்டும். வீணையின் கழுத்தான தண்டியில் பதியும் 24 மெட்டுகளில் ஏழு வரை பதித்திருக்கும் தண்டியும் பதினைந்து வரை பதித்திருக்கும் தண்டியும் முன்பின்னாக வந்தால், வீணை வாசிப்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்; எண்ணூர் மூதாட்டியைப் போல எழுந்து நின்றே கேட்பார்கள். மெட்டு ஷாட்டுகளுக்கு மட்டும், பெயரோடு எத்தனையாவது மெட்டு என்ற எண்ணையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. நான் அடுத்த வாரம் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன், உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கை அனுப்புவதாக இருந்தால், இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகு அனுப்பு.

அன்புடன்,
உன் தரமணி அறைத்தோழன்