சூடும் ஈரமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை முடிந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்றதில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மகள் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டாள். இனி வேலை தேடும் படலம்.

பூமி சூடானால் வெப்பமண்டலக் காடுகள் கரியமில வாயுவைக் கூடுதலாக விடுமாமே என்று கேட்டிருந்தாய். விடும்தான். ஆனால் வெப்பமானியை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காட்டு மண்ணிலிருந்து வரும் கரியமில வாயு என்பது வேர்களின் மூச்சும், சருகையும் மட்கையும் தின்னும் நுண்ணுயிர்களின் மூச்சும். அளக்கும் முறை எளிது. ஒரு வளையத்தை மண்ணில் பதித்து, மூடி போட்டு, உள்ளே வாயு எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்று கருவியில் பார்ப்பார்கள். பதித்த கையோடு அளந்தால் எண் பொய் சொல்லும். கலைந்த மண் உள்ளே தேங்கியிருந்த வாயுவையும் சேர்த்து விட்டுவிடும். அதனால் முன்கூட்டியே பதித்துவிட்டு மண் அடங்கக் காத்திருப்பார்கள்.

காய்ந்து கிடந்த மண்ணில் மழை விழுந்ததும் அந்த எண் சட்டென்று எகிறும். வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் மிச்சம் நீரில் கரைந்து, பிழைத்திருப்பவற்றுக்கு விருந்தாகிவிடுகிறது. பிர்ச் என்ற மண்ணியல் ஆய்வாளர் 1958-லேயே இதைப் பற்றி எழுதினார். இன்றும் இதற்கு 'பிர்ச் விளைவு' என்றே பெயர். மழை விடாமல் பெய்தாலோ நிலைமை தலைகீழ். மண்ணின் துளைகளில் நீர் நிரம்பினால் ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லை. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். களிமண் சீக்கிரம் திணறும், மணலில் நீர் வடிந்துவிடும்.

சூட்டின் பங்கும் சின்னதல்ல. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் காட்டு மண்ணை 4 டிகிரி சூடாக்கி இரண்டு ஆண்டுகள் அளந்தார்கள். வெளியேற்றம் 55 சதவீதம் கூடியது என்று 2020-ல் வெளியிட்டார்கள். சூடாக்கியது மண்ணை மட்டும்தான், மரங்களை அல்ல. இதை வைத்து முழுக் காட்டுக்கும் தீர்ப்பு எழுதுபவர்களை நான் நம்புவதில்லை.

2015-ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடாகி உலக வானிலையையே புரட்டும் நிலை, வந்தபோது, காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் நாசாவின் ஓசிஓ-2 செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதிகளும் வாயுவைக் கூடுதலாக விட்டன, ஆளுக்கொரு காரணத்தால். தென் அமெரிக்காவில் வறட்சி, மரங்கள் உள்ளிழுப்பது குறைந்தது. ஆப்பிரிக்காவில் வெப்பம், மட்குவது கூடியது. ஆசியாவில் தீ. இந்தோனேசியாவில் கால்வாய் வெட்டி நீரை வடித்த சதுப்புக் காடுகளில், பாதி மட்கிய செடிகொடிகள் சேர்ந்து உண்டான கரிமண்ணே காய்ந்து எரிந்தது. முதல் இரண்டும் நல்ல மழைக்காலம் வந்தால் தேறக்கூடும். அந்தக் கரிமண் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. என்னைக் கேட்டால், முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கால்வாய்களைத்தான். நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்